பத்து நிமிஷ வண்டி

மாலை ஐந்தரைக்கு என் செய்தித்தாள் விரிக்கப்படுகிறது. விரிப்பவன் நான் அல்ல, கீழ்வீட்டு லிஃப்ட்காரர். வாசல் சிமெண்டுத் தரையில் அதைப் பரப்பி, நான்கு மூலையிலும் கல் வைத்து, ஸ்பானர்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குகிறார். தாளில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. "முக்கியமான சேதின்னா யாராவது வந்து சொல்லத்தானே போறாங்க சார்" என்பார். எதிரே அவருடைய வண்டி நிற்கிறது. நிற்பதில் அதற்கு நல்ல பழக்கம் உண்டு.

வண்டி என்று நான் சொல்வது மரியாதைக்காக. அடிப்படையில் அது ஒரு பழைய சைக்கிள். அதன் வயிற்றில், அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் தூக்கிப்போட்ட புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின். அங்கிருந்து பின்சக்கரத்துக்கு இன்னொரு செயின். மேல் கம்பியில் பெட்ரோல் டாங்க்காகப் படுத்திருப்பது ஒரு சமையல் எண்ணெய் டின். கயிற்றைப் பிடித்து இழுத்தால் எஞ்சின் கிளம்ப வேண்டும். அது பொதுவாக எட்டாவது இழுப்பில்தான் ஒப்புக்கொள்ளும்.

மற்ற பாகங்களுக்காக அவர் கடைக்குப் போனதாகத் தெரியவில்லை. அந்தக் கயிற்றின் கைப்பிடி, சலவைக்கடையின் பழைய இஸ்திரிப் பெட்டியுடையது. செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், தையல்காரர் வீட்டுக் கதவில் இருந்தது. அந்தக் கதவு இப்போது காற்றடித்தால் தானாகத் திறந்துகொள்கிறது. பின்னால் உட்காரும் கேரியர் என் சைக்கிளுடையது. "ரெண்டே நாள் சார், அளவு பார்த்துட்டுக் கொடுத்துடறேன்" என்று கழற்றிக்கொண்டு போனார். ஏழு மாதமாக அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆள் ஒல்லி. காது மட்டும் பெரிது. எஞ்சின் ஓடும்போது அந்தக் காதை அதன் பக்கம் சாய்த்து, ஒரு விரலை உயர்த்தித் தெருவையே பேசாதிருக்கச் சொல்வார். காய்கறி வண்டிக்காரன் கூவாமல் நின்றுவிடுவான். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "பிஸ்டனுக்குள்ள ஏதோ மனக்குறை" என்பார். உடனே ஸ்பானரை எடுப்பார். ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று கழற்றுவார். நன்றாக ஓடினால் எதனால் ஓடுகிறது என்று கழற்றுவார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியை நான் நேரில் பார்த்ததில்லை. அந்தக் குறையை இவர் தீர்த்துவைத்தார்.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் இருபது வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறார். போன வருடம் அங்கே பட்டன் வைத்துவிட்டார்கள். ஜனங்கள் தாங்களே அமுக்கித் தாங்களே போய்க்கொள்கிறார்கள். இவரைக் காலையில் நான்கு மணி நேரம் மட்டும், யாராவது மாட்டிக்கொண்டால் சமாதானம் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஆகவே வீடு நடப்பது அவர் மனைவியின் சம்பளத்தில். அந்த அம்மா பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கிறார். கம்பெனி ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஏழரைக்கு கேட்டை மூடுவார்கள். மூன்று முறை தாமதமாக வந்தால் நான்காம் முறை வர வேண்டியதில்லை.

பஸ்ஸோ, மனம் இருந்தால் வரும். அதனால்தான் இந்த வண்டியே. "எம் பொண்டாட்டி இனிமே பஸ்ஸுக்குக் காத்து நிக்கமாட்டா சார். மகாராணி மாதிரி போய் இறங்குவா" என்றார். மகாராணி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். "முதல்ல ஓடட்டும்" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது.

ஓடவும் செய்தது! பொய் சொல்லக்கூடாது. முதல் ஓட்டத்தில் கிளப்புவதற்கான எல்லாவற்றையும் யோசித்தவர், நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவில்லை. சைக்கிள் பிரேக்கை எஞ்சின் மதிக்கவில்லை. தெருக்கோடி மணல் குவியல்தான் அவரைத் தாங்கிக்கொண்டது. மணலைத் தட்டிக்கொண்டே எழுந்து, "ரோடு கொஞ்சம் சரிவு சார்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகு பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கினார். ஒரு வாரம் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டார். தெரு முழுக்கப் பொறாமைப்பட்டது. நானும்தான்.

அந்த வாரத்தில் ஒரே ஒரு குறை. புல் வெட்டும் இயந்திரத்தின் மூடியில் ஒன்று இருந்ததே என்று, டின் மூடியிலும் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது வழியே பெட்ரோல் தெறித்து அந்த அம்மாவின் வெள்ளைக் கோட்டில் விழுந்தது. சூப்பர்வைசர், "பிஸ்கட்ல பெட்ரோல் வாசனை வந்தா யார் பதில் சொல்றது?" என்று கேட்டாளாம். இதைக் கேட்டு மனிதர் துடித்துப்போனார். சைக்கிள் டியூபில் வட்டமாக ரப்பர் வெட்டி, பசை தடவி, மூடிமேல் ஒட்டி, ஓட்டையை அடைத்துவிட்டார். "இனிமே ஒரு சொட்டு உன் மேல படாது. பட்டா என்னைக் கேளு" என்றார். பாசம் என்றால் அப்படி ஒரு பாசம்.

அதற்குப் பிறகுதான் பிடித்தது சனி. வாசலில் மணிக்கணக்காக ஓடும் எஞ்சின், சாலைக்குப் போனால் பத்தே நிமிடத்தில் இருமி, முனகி, நின்றுவிடும். இவர் இறங்கி, மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "பெட்ரோல் இருக்கே!" மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றி ஊதி, துடைத்து, மாட்டி, கார்புரேட்டரைத் தட்டி, ஏழெட்டு நிமிடம் கழித்துக் கயிற்றை இழுப்பார். கிளம்பிவிடும். இன்னொரு பத்து நிமிடம். கடைசியில் ஒரு தத்துவத்துக்கு வந்தார். "அதுக்கு அப்பப்போ ஓய்வு வேணும் சார். மனுஷனுக்கு வேண்டாமா?"

வாசலில் மட்டும் ஏன் நிற்பதில்லை என்று கேட்டேன். "வீட்டுல இருக்கறப்போ அதுக்கு ஒரு தைரியம்" என்றார். வாசலில் ஓட்டும்போது, பெட்ரோல் அளவு பார்ப்பதற்காக மூடியைத் திறந்தே வைத்திருப்பார் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான் படித்தவன் வேறு.

இந்த ஓய்வுத் தத்துவத்தால் அந்த அம்மா இரண்டு முறை தாமதமானார். இரண்டுக்கும் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். அன்றோடு அவர் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். திட்டவில்லை, அழவில்லை. "உங்க வண்டி உங்களுக்கு. என் வேலை எனக்கு" என்றார். அன்று மாலை லிஃப்ட்காரர் எஞ்சினைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சிரிக்கலாம் என்று எட்டிப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன திங்கட்கிழமை பஸ் வரவில்லை. டிரைவர்கள் வேலை நிறுத்தம். ஏழு மணிக்கு அந்த அம்மா வாசலுக்குத் திரும்பி வந்து நின்றார். இவர் டின்னில் கழுத்துவரை பெட்ரோல் நிரப்பி, மூடியை இறுக்கி, கயிற்றை இழுத்தார். "ஏறு" என்றார். அவர் ஏறினார். வேறு வழி?

நானும் சைக்கிளில் பின்னாலேயே போனேன். என் வேலையும் அந்தப் பக்கம்தான் என்றாலும், உண்மையில் போனது வேடிக்கை பார்க்க. அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அன்று வண்டி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூன்றே நிமிடத்தில் முனகி நின்றது. திறந்தார், பார்த்தார், பிளக்கை ஊதினார், துடைத்தார். கிளம்பியது. பாலத்துக்குச் சற்று முன்னால் மறுபடி நின்றது. மணி ஏழு பத்தொன்பது. இன்னும் மூன்றரை கிலோமீட்டர்.

"என் சைக்கிள்ல ஏறுங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். உட்கார என்ன இருக்கிறது? கேரியர் அவர் வண்டியில் அல்லவா இருக்கிறது.

லிஃப்ட்காரர் வழக்கம்போல மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம்?" என்றார் அந்த அம்மா.

"அது ஒண்ணுமில்ல. பெட்ரோல் மூச்சு விடுது."

"விடுதா, இழுக்குதா?"

லிஃப்ட்காரர் பிளக் ஸ்பானரை எடுத்தார். அந்த அம்மா இறங்கி வந்தார். "எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமா? காத்து உள்ள போகாம முக்கி முக்கி நின்னுடும். இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா ஊத்தும். அடுப்படியில எட்டிப் பார்த்திருந்தா தெரியும்."

"அடைச்சது... நீ சொன்னேன்னுதானே..."

"நான் தெறிக்குதுன்னுதான் சொன்னேன். மூச்சை நிறுத்துங்கன்னு சொன்னேனா?"

கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். அதன் ஒரு காலை ரப்பரில் வைத்து அழுத்தி, ஓட்டை இருந்த இடத்தில் குத்தி, இப்படியும் அப்படியும் ஆட்டினார். "எடுத்தா ரப்பர் மூடிக்கும். இது இங்கேயே இருக்கட்டும். இழுங்க கயிறை."

"பிளக்கு துடைக்கணுமே?"

"இழுங்கன்னா!"

முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அவிழ்ந்த கூந்தலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் ஏறி உட்கார, வண்டி பாலத்தில் ஏறியது. நான் மிதித்து மிதித்துப் பார்த்தேன். புகைதான் மிஞ்சியது.

நான் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. வண்டி கேட்டுக்கு உள்ளே, அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் சாய்ந்து கிடந்தது. வாட்ச்மேன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "ஏழு இருபத்தொன்பதுக்கு கேட்டுல கை வைக்கிறேன், சர்ருனு உள்ள வந்துட்டான்யா! நிறுத்துன்னா, நிக்காதுங்கிறான்!" ஏழு மாதத்தில் முதல் தடவையாக, நிற்காதது லிஃப்ட்காரருக்கு உதவியிருந்தது. அந்த அம்மாவின் கோட்டில் அங்கங்கே பெட்ரோல் பொட்டுகளாம். அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

அன்று மாலை ஐந்தரைக்கு லிஃப்ட்காரர் என் செய்தித்தாளை விரித்தார். கல் வைத்தார். ஸ்பானர்களை அடுக்கினார். நான் மாடியில் தலையிலடித்துக்கொண்டேன். நன்றாக ஓடிய வண்டி ஆயிற்றே, சும்மா விடுவாரா இந்த மனுஷன்? தையல்காரர்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த அம்மா கதவோரம், தலையில் வேறொரு கொண்டை ஊசியோடு நின்றார்.

லிஃப்ட்காரர் எஞ்சினைக் கிளப்பி, காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். விரலை உயர்த்தவில்லை. எஞ்சினை நிறுத்தினார். கை மூடியை நோக்கிப் போனது. ஊசியின் தலைக்கு அரை விரல் தூரத்தில் நின்றது.

கையை இழுத்துக்கொண்டார். ஸ்பானர்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். கற்களை ஓரமாகத் தள்ளினார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிரீஸ் படிந்த என் செய்தித்தாளை எடுத்துப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.