சித்தியின் வலது கன்னம்

கோயில் தலைவர் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பூசாரி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார், உள்ளே வரவில்லை. அப்பா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். அம்மா கதவை மறைத்துக்கொண்டு நின்றார். தம்பி அம்மாவின் சேலைக்குப் பின்னால். அம்மாவின் தங்கை, என் சித்தி, இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்து கம்பெனிச் சட்டையோடு நின்றார். நான் உள்ளே, ஜன்னல் ஓரம்.

பேச்சு என் முகத்தைப் பற்றித்தான்.

“அம்மா வீட்டுக்கு வந்திருக்கா. இந்த வருசம் புள்ள பால்குடம் தூக்க வேணாம்,” என்றார் தலைவர்.

அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் அதை அம்மை என்று சொல்லமாட்டார்கள். மாரியம்மனே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் சொல்வார்கள். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. அந்த வீட்டார் வெளியே நடமாடக் கூடாது. கோயிலில் காப்புக் கட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பால்குடம்.

பால்குடம் நான் தூக்க வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல். அதற்கு முந்தின வருஷம் குலை வெட்டும்போது செம்பனை மட்டை சரிந்து, முள் அப்பாவின் கண்ணில் ஏறியது. கண் போய்விடும் என்றார்கள். போகவில்லை. அம்மா கோயிலில் போய் விழுந்து, மூத்த மகள் பால்குடம் தூக்குவாள் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னதைச் செய்யாவிட்டால் அந்தக் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதுதான் அம்மாவின் பயம். எனக்கும் அதே பயம்தான். அப்பாவுக்குப் பயம் இருந்ததா தெரியாது. அவர் பேசமாட்டார். நானும் அவரைப் போலத்தான்.

ஆனால் என் முகத்தில் இருந்தது அம்மை இல்லை. பரு மருந்து.

பதிமூன்று வயதில் எனக்குப் பரு வர ஆரம்பித்தது. நெற்றி, கன்னம், தாடை என்று இடம் விடாமல் வந்தது. வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். பற்பசை வைத்தோம், எரிந்தது. எலுமிச்சை தேய்த்தோம், இன்னும் எரிந்தது. பெரியம்மா சந்தனம் கொடுத்தார். அது குளிர்ச்சியாக இருந்தது, பரு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய சின்ன டப்பா ஒன்றைக் காட்டினாள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்துவிடுமாம். டப்பாவில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. சித்தி அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த சம்பளத்தில் சித்தி சிரம்பான் டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்தார். கடைக்காரப் பெண் சொன்னதையெல்லாம் என்னையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“ராத்திரிக்கு மட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பட்டாணி அளவுதான், முகம் முழுக்க. முதல்ல காயும், தோல் உரியும், கொஞ்சம் எரியும். ரொம்ப எரிஞ்சா நிறுத்திடணும். போட்டுட்டு வெயில்ல அலையக் கூடாது. துணியில பட்டா சாயம் போயிடும்.”

“துணிச் சாயத்தையே எடுக்குமா?” என்றார் அம்மா. “அப்ப தோலு என்னாத்துக்கு ஆகும்?”

“அதுக்குத்தான்க்கா பட்டாணி அளவுங்கிறேன்.”

சொன்னபடி போட்டோம். தோல் காய்ந்தது, மூக்கோரம் கொஞ்சம் உரிந்தது. மூன்றாவது வாரம் நெற்றிப் பரு அடங்க ஆரம்பித்தது. கண்ணாடி பார்க்கவே பிடிக்காமல் இருந்தவள், பார்க்க ஆரம்பித்தேன்.

அம்மாவும் பார்த்தார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பால்குடம் தூக்கும் மகள் முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கொஞ்சம் போட்டதற்கே இவ்வளவு என்றால் நிறையப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்தார். காலையில் என்னைக் குளிக்க வைத்து, மஞ்சள் பூசுகிற மாதிரி முகம் முழுக்க அப்பினார். மஞ்சளை யாரும் பட்டாணி அளவு பூசமாட்டார்கள். நெற்றியிலிருந்து கழுத்து வரை கை நிறைய எடுத்துப் பூசுவார்கள். அம்மாவுக்குத் தெரிந்தது அதுதான். அப்படியே நான் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரை வெயிலில் நடந்தேன். அந்த நேரம் சித்தி கையுறை செய்யும் கிளவ் கம்பெனியிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் முகம் சிவந்து, இமை வீங்கி, பொடிப்பொடியாகக் கிளம்பிவிட்டது. பெரியம்மா பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா, தாயே,” என்றார், என்னைப் பார்த்து இல்லை, என் முகத்தைப் பார்த்து. அம்மா உடனே மருந்தை நிறுத்தினார். எரிச்சலுக்காக நிறுத்தவில்லை. வேப்பிலை ஒடிக்கப் போனார். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதனால்தான் தலைவர் வந்தார்.

சித்தி உள்ளே போய் என் துண்டை எடுத்துவந்தார். ரோஸ் கலர் துண்டு. நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

“இதப் பாருங்க தலைவரே. மருந்து பட்டு வெளுத்திருக்கு. மாரியாத்தா புள்ள மேல வருவா, துண்டு மேலயுமா வருவா?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“துவைக்கிறப்ப குளோரின் பட்டிருக்கும்லா,” என்றார் தலைவர்.

“அப்ப ரந்தாவ் கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் சொல்லட்டும்.”

“ஏய்,” என்றார் அம்மா. “அம்மா வந்திருக்கிறப்ப ஊசிக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? வாயக் கழுவு.”

தலைவர் கெட்டவர் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் அம்மாவைக் காரில் கூட்டிப் போனவர் அவர்தான். “தங்கச்சி, நீ சொல்றது உண்மையாவே இருக்கட்டும்,” என்றார். “கோயிலுக்குக் கைப்புள்ளைங்க வருது. நான் பாட்டுக்கு விட்டுட்டு, நாளைக்கு ஒரு புள்ளைக்குப் போட்டா யாரு பதில் சொல்றது? காசு குடுத்து வாங்குன மருந்து மூஞ்சிய இப்படியா பண்ணும்? நல்லதுக்குத்தானே மருந்து.”

“நல்லதும் பண்ணும், அளவு மிஞ்சினா இதையும் பண்ணும்.”

“அதுக்கு என்னா சாட்சி?”

சித்தி ஜன்னல் பக்கம் வந்தார். என்னிடம் டியூபைக் கேட்டார். ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். எல்லாரும் பார்க்க, ஒரு பிதுக்குப் பிதுக்கி, தன் வலது கன்னத்தில் அப்பினார். அம்மா எனக்குப் பூசிய மாதிரியே, தடியாக.

“இடது கன்னம் சும்மா இருக்கு, பாத்துக்குங்க. வியாழக்கிழமை வாங்க.”

“அடியே, திங்கக்கிழமை அந்த நகைக்கடைக்குப் போவணும்ல?” என்று அம்மா பதறினார். சிரம்பானில் ஒரு நகைக்கடையில் கவுண்டர் வேலைக்குச் சித்தியை வரச் சொல்லியிருந்தார்கள். இரவு வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு மாதமாக அதற்குத்தான் அலைந்தார். “கையில பூசிக் காட்டேன், போதாது?”

“கையில பூசினா கை வேற, மூஞ்சி வேறம்பாங்க,” என்றார் சித்தி. “அதுக்குள்ள சரியாயிடும்க்கா.”

அன்றிலிருந்து காலையில் வந்ததும் சித்தி தூங்கப் போகவில்லை. கன்னத்தில் மருந்தை அப்பிக்கொண்டு, வலது பக்கம் வெயில் படும்படி, துணி காயப்போடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்.

“என்னா தங்கச்சி, பாதி வீட்டுக்குத்தான் சாயமா?” என்றார் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

“பாதிக்குத்தான் காண்ட்ராக்டு பெரியம்மா.”

பெரியம்மா சிரித்தார். ஆனால் தினமும் வந்து பார்த்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. “பாத்தியா,” என்றார். இரண்டாம் நாள் சிவந்தது. சித்திக்கு எரிந்திருக்கும். எனக்கு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கு வாய் வலது பக்கம் சரியாகத் திறக்காததால் கஞ்சியைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தார். தம்பி அதேபோல் குடித்துக் காட்டினான். சித்தி அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தார், சிரிக்க வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. மூக்குக்கு இடது பக்கம் ஒன்றுமே இல்லை, கழுவித் துடைத்த தட்டு மாதிரி.

தலைவர் வந்தார். சித்தி ஒரு கன்னத்தைக் காட்டினார். பிறகு திரும்பி இன்னொன்றைக் காட்டினார்.

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி சொன்னார்: “ஆத்தா பாதி மூஞ்சியில வந்து நிக்கமாட்டா.”

பெரியம்மா அன்றுதான் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “கழுத மருந்து,” என்றார். வாசலில் செருகியிருந்த வேப்பிலையை அம்மாவே எடுத்தார். எடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, “நீ என்னாத்தக்கா கண்ட, மஞ்சள்னு நெனச்ச,” என்று சொன்னது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம் தூக்கினேன். பால் தளும்பி நெற்றியில் வடிந்தது. உரிந்த இடத்தில் சுரீர் என்றது. கையை எடுக்க முடியாது. சித்தி கூடவே நடந்து தன் துண்டால் ஒற்றிவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். அப்பா முன்னால் நடந்தார். அடிக்கடி திரும்பி, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை சித்தி பவுடர் போட்டுக்கொண்டு சிரம்பானுக்குப் போனார். மத்தியானமே வந்துவிட்டார். உரிந்த தோலில் பவுடர் நிற்கவில்லை. நகை எடுக்க வருகிறவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார்களாம். ஆறியதும் வரச் சொன்னார்கள். ஆறுவதற்குள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். “அந்தக் கடை சரிப்படல,” என்று மட்டும் எங்களிடம் சொன்னார். இன்னும் நான்கு வருஷம் இரவு வேலைக்குத்தான் போனார். வீக்கம் சீக்கிரம் வடிந்தது. கறுப்புத் திட்டு தீபாவளி தாண்டியும் இருந்தது.

அந்த டியூபை நாங்கள் தூக்கிப் போடவில்லை. முகம் ஆறிய பிறகு சித்தியே எனக்குப் பூசிவிட்டார். ராத்திரியில், பட்டாணி அளவு. பரு போனது. இரண்டு தழும்பு மட்டும் நின்றது. நல்லதும் கெட்டதும் ஒரே டியூபுக்குள் இருக்கும் என்று நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள்.

சித்தியை அப்போது நான் பெரிய மனுஷி என்று நினைத்தேன். முகம் என்பது எங்களைப் போல வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் கவலை, பெரியவர்களுக்கு அது எப்படி இருந்தால் என்ன என்று நினைத்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

போன மாதம் அவருக்குப் பென்ஷன் பணத்துக்கு மனு எழுத அவருடைய ஐசி அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தேன். கணக்குப் போட்டேன்.

அந்த வருஷம் சித்திக்கு வயது இருபத்தொன்று.