கணக்கில் சேராத பிள்ளையார் சுழி

சபா அண்ணை இறந்த செய்தி, சாவகச்சேரியில் சீனிக்கு வரிசையில் நின்றபோது வந்தது. சீனி வருத்தமாம், அதுதான் நீரிழிவு; மருந்து கிடைக்கவில்லையாம். சீனியே கிடைக்காத ஊரில் அந்த வருத்தத்தால் சாவதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். அது அவரிடம் இருந்ததை எங்கள் மொத்த வியாபாரக் கந்தோரில் வேலை செய்த எல்லோரும் அறிவோம்.

கடைக்காரர்கள் கையால் எழுதியனுப்பும் ஓடர்ச் சிட்டைகளை வாசித்துத் தானே பதிந்துகொள்ளும்படி, முதலாளி சிங்கப்பூரிலிருந்து எடுப்பித்த கம்பியூட்டரை அவர் பழக்கினார். அதற்கு எண்கள் மட்டுமே தெரியும். நம்மவர்களோ சாமியை எழுதாமல் சவர்க்காரம் கேட்கமாட்டார்கள். சிட்டையின் தலையில் சைவக் கடைகள் போட்ட பிள்ளையார் சுழியை அது இரண்டு என்று வாசித்தது. குருநகர்க் கடைகளின் சிலுவையை நாலு என்றது. சாமான் பட்டியலில் முதலாவது சவர்க்காரம் என்பதால், தலையில் கண்ட எண்ணை அதன் பெட்டிக் கணக்காக எடுத்தது; கேட்காதவர்களுக்கும் சவர்க்காரம் போனது.

ஹனீபா நானா எதையும், பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக, 786 என்று எழுதித்தான் தொடங்குவார். பில்லோடு கந்தோருக்கே வந்துவிட்டார்.

"சபாத் தம்பி, எழுநூத்தி எண்பத்தாறு பெட்டியோ? முழு யாழ்ப்பாணமும் என்ரை கடையிலயா குளிக்கப்போகுது?"

முதலாளி சிரிக்கவில்லை. "தலையிலை ஒண்டும் எழுதவேண்டாமெண்டு கடைக்காரருக்கு அறிவியும். இல்லாட்டி உந்தப் பெட்டியையும் கட்டிவைச்சிட்டு, நீரும் வீட்டை போம்."

"ஆக்கள் தங்கடை சாமியை எழுதட்டும், முதலாளி. சாமியை எண்ணப்படாதெண்டு மெசினுக்குத்தான் சொல்லவேணும்."

சொன்னார். அதுவும் கேட்டது. மூன்று அடையாளங்களையும் கண்டால் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப்போகப் பழகியது. புரோகிராமில் அந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'வணக்கம்'.

தொண்ணூறில், மனிதர்கள் அந்தப் பாடத்தை வேறுவிதமாகக் கற்றார்கள். இயக்கத்தார் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஹனீபா நானா கடையைப் பூட்டினார், திறப்பையும் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் கதவோரம் நின்று பார்த்தோம். நன்றாகப் பார்த்தோம்.

அதன்பின் ஒருநாள் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் முதலாளி சொன்னார்: "சபா, இனி உந்த 786ஐ எடுத்துவிடும். மெசின் கெதியா ஓடும்."

"ஓம். அப்ப பிள்ளையார் சுழியையும் எடுக்கிறன்."

"விசரே உமக்கு? எங்களை ஆர் போகச் சொல்லப்போறது?"

சபா அண்ணை இரண்டையும் எடுக்கவில்லை. வேலையைத்தான் விட்டார்.

ஐந்து வருடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. ஆமி நெருங்க, எங்களையும் அதே இயக்கத்தார் போகச் சொன்னார்கள். கொட்டும் மழையில் முழு ஊரும் நாவற்குழிப் பாலத்தில் நெரிந்தபோது, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த சபா அண்ணை, தலையில் சூட்கேசோடு நின்ற முதலாளியைக் கண்டார்.

"முதலாளி, இப்ப சுழியை எடுக்கட்டோ?"

முதலாளி பாலத்தைப் பார்த்தார். நான் கடைசியாகக் கேட்ட சபா அண்ணையின் குரல் அதுதான்.

அவர் பழக்கிய மெசின் கந்தோரோடு போயிற்று. என்னிடம் மிஞ்சியது அதன் பாடம் மட்டும். சபா அண்ணையின் நினைவாக அச்சுக்கு அனுப்பும் இந்தக் கடதாசியின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, பக்கத்தில் 786 என்று எழுதியிருக்கிறேன். அச்சுக்கோப்பவர் பக்க எண் என்று நினைத்து எடுத்துவிட வேண்டாம்.