அழுகலுக்கு நீல மருந்து

போடியில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். முகத்துக்கு என்றால் எதையும் வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தபின் எதையும் விற்றேன். மதுரையிலிருந்து வரும் ஏஜென்ட் ஒருமுறை நீல நிறத்தில் குட்டிக் குட்டிக் குப்பிகள் கொண்டுவந்தான். பெப்டைட் கலவையாம், தாமிரம் சேர்த்ததாம். சுருக்கம் போகும், தோல் இளசாகும், சேதமான சதைகூடக் கூடிவிடும் என்றான். பெப்டைட் என்றால் என்னவென்று நான் கேட்கவும் இல்லை.

அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு, உடம்பில் சர்க்கரையும் உண்டு. ஆடி மழையில் ரப்பர் பூட்ஸ் உரசி இடது குதிகாலில் புண் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "மருந்தடிக்கிற நேரத்துல எங்கிட்டுப் போறது, சோலி கெடக்கு" என்பார். ஏலக்காயில் அழுகல் விழுகிற காலம் அது. மயில்துத்தம் என்கிற நீலத் தாமிர உப்பையும் சுண்ணாம்பையும் கரைத்துச் செடிக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பார்லருக்கு வந்தவர், குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னத்தா இது, துத்தம் கணக்கா இருக்கு?"

"தாமிரம்ண்ணே. முகத்துக்குப் போடுறது. புண்ணும் ஆறுமாம்."

"செடி அழுகலுக்கு அதத்தான அடிக்கிறோம். இந்தக் கால் அழுகலுக்குக் கேக்காதா?"

இருவரும் சிரித்தோம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று சிரித்து முடித்தபின்தான் எனக்கு உறைத்தது. கால் வேறு, செடி வேறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. கொடுக்கிற பெருமையில் மிதந்தேன். இரண்டு குப்பிகளைப் பையில் போட்டு, "மதினிகிட்டச் சொல்லாதண்ணே, ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்வாங்க" என்றேன். அந்தப் புத்திமதியும் நான் சொன்னதுதான்.

மூன்று வாரத்தில் புண் மூடிக்கொண்டது. தோட்டத்திலேயே தங்கியிருந்தவர் வீடியோ காலில் குதிகாலைக் காட்டினார். பிள்ளைத் தோல் மாதிரி பளபளப்பாக இருந்தது. அந்தக் கதையைச் சொல்லியே அந்த வாரம் நாலு பேருக்குக் குப்பி விற்றேன். வெட்கம் கெட்டவள்.

உள்ளே சீழ் கோத்திருந்தது. காய்ச்சலில் பிதற்றியவரைத் தோட்டத்து ஆட்கள் ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்தபோது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"முதல்லயே வந்திருந்தா சின்னதாக் கீறிச் சரிபண்ணியிருக்கலாம். மேல என்ன பூசுனீங்க? யார் குடுத்தது?" என்று வார்டில் டாக்டர் கேட்டார். கட்டிலுக்கு ஒரு பக்கம் மதினி, மறுபக்கம் நான்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "போன்ல பாத்து நானே வரவழைச்சேன் சார்" என்றார்.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பயமாக இருந்தது. மதினி என்னை மன்னிக்க மாட்டார் என்ற பயம்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. ஞாயிறுதோறும் அண்ணனைப் பார்க்கப் போகிறேன். கட்டு மாற்றும்போதெல்லாம் மதினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

"எவனோ களவாணிப்பய வித்தான்னு வாங்கிப் பூசுனீகளே, புத்தி வேணாம்?" என்று அவரைத் திட்டிவிட்டு, என்னிடம் திரும்புவார். "இந்த மாதிரிச் சாமானெல்லாம் ஒனக்குத் தெரியுமே. நீயாச்சும் வேணாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரே."

"அவள ஏன் இழுக்குற? அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார் அண்ணன்.

நான் பஞ்சை எடுத்துக் கொடுப்பேன்.