விசாரிக்க வந்தவர் சொன்ன கல்யாணச் செய்தி

துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. ரகசியக் கோப்புகளைக் கையாளும் பிரிவு என்பதால், சேரும்போதே ஒரு விதியைச் சொல்லிவிட்டார்கள். வீடு மாறினாலும், வெளிநாடு போனாலும், கல்யாணம் முடிவானாலும் பாதுகாப்பு அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். முதல் சில வருடங்கள் தெரிவிக்க என்னிடம் எதுவுமே இல்லை. திரேஸ்புரத்தில் பிறந்த வீடு, அதே தெரு, அதே பஸ்.

அந்த பஸ்ஸில்தான் அவரைப் பார்த்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், கல்லூரியில் கணக்கு வாத்தியார். எங்களுக்கு மாதா கோயில், அவர்களுக்குப் பெருமாள் கோயில். கட்டிக்கொள்வதென்று நாங்கள் முடிவெடுத்த பிறகும் வீட்டில் சொல்லப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் தள்ளிப்போட முடியாது. அவருடைய அக்கா கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்தார், வெளிநாட்டு உறவு.

நான் போய்ச் சொன்னதைப் பாதுகாப்பு அதிகாரி கேட்டுவிட்டு, "வீட்ல சொல்லியாச்சாம்மா?" என்றார்.

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் சொல்லணும் சார்."

"விசாரிக்க ஆள் வருவாங்க. அதுக்கு முந்திச் சொல்லிரு."

வெள்ளிக்கிழமையே ஆள் வந்துவிட்டார். செல்போனை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொள்ளும் அலுவலகம் எங்களுடையது. அம்மா ஓயாமல் கூப்பிட்டது சாயங்காலம்தான் தெரிந்தது.

நடந்ததை அம்மாதான் போனில் சொன்னாள். தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோய் வந்து, முழங்கால் வலியால் கரையோடு நின்றுவிட்ட அப்பா, வாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாராம். வந்தவர், "அண்ணாச்சி, உங்க பொண்ணு கட்டிக்கப்போற பையன் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அம்மா குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்திருக்கிறாள். அப்பா நிதானமாகக் கையைக் கழுவிவிட்டுச் சொன்னாராம்: "பையன எனக்குத் தெரியாது. எம்மவளத் தெரியும். அவ கொண்டு வாரவன் தப்பானவனா இருக்க மாட்டான். அப்படியே எழுதிக்கோங்க."

வந்தவருக்கு டீயும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

நான் உள்ளே நுழைந்ததும் அப்பா கூப்பிட்டார். "ஏளா, இங்கன வா. சர்க்காருக்குத் தெரியுது, பெத்தவனுக்குத் தெரியல."

எனக்கு அழுகைதான் வந்தது.

"மொகம் தெரியாதவனுக்குச் சாட்சி சொல்லிருக்கேன். ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வா, பாப்போம்." சொல்லிவிட்டு எழுந்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

கணக்கு வாத்தியார் மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அம்மா முணுமுணுத்துக்கொண்டே கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்து அப்பா கை கழுவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அக்கா கொழும்புல எங்கன இருக்கா?"

"செட்டியார் தெருவுக்குப் பக்கத்துல, மாமா."

அந்த 'மாமா'வைக் கேட்டதும் நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அப்பாவின் முகமோ மலர்ந்துவிட்டது. "அங்கன ஒரு ஓட்டல்ல இடியாப்பமும் சொதியும் குடுப்பான் பாரு! இப்பவும் இருக்கா?"

"நான் ரெண்டு மூணு தடவ போயிருக்கேன், ஓட்டலக் கவனிக்கல. அக்காகிட்டக் கேட்டுச் சொல்லுதேன் மாமா."

விசாரணை முடியும்வரை என்னை வேறு பிரிவில் உட்காரவைத்தார்கள். பிறகு அனுமதி வந்தது, கல்யாணமும் நடந்தது. அப்பா இப்போது இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, வெளியே இரண்டு பேரும் கொழும்புத் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.