எழுந்து நிற்காத பெயர்

என் மனுசன் இன்னாசித்தம்பி வாய் ஓயாத ஆள். இங்கே சுவிஸில், ரெனான் சந்தையில் பூசணிக்காய் வாங்கப் போனாலும் கடைக்காரனுக்கு மன்னார்க் கடலைப் பற்றிச் சொல்லாமல் வரமாட்டார். ஆனால் ஒரு கடதாசியில் பெயர் எழுதச் சொன்னால் ஆளைப் பிடிக்க முடியாது. கலியாணம் கட்டின முப்பத்துமூன்று வருடமாக எங்கள் வீட்டுப் படிவமெல்லாம் நிரப்புவது நான்தான்.

முதியோர் இல்லச் சமையலறையில் அவரோடு பாத்திரம் கழுவுகிறவள் பெயாட்ரிஸ், கொங்கோக்காரி. அவளுடைய ஊரில் வெளிநாட்டுப் படைகள் நிற்கின்றன. எல்லாம் அமைதி காக்க வந்தவையாம். எங்கள் ஊருக்கும் ஒருகாலத்தில் அப்படியொரு படை வந்தது. நாங்களே மாலை போட்டு வரவேற்றோம்; வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதைதான். இதையெல்லாம் இவர் அவளிடம் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் அவள் எங்கள் மாதா கோவிலில் ஒரு கடிதம் தொடங்கினாள். ஆபிரிக்காவுக்கு வெளியார் படையும் வேண்டாம், ஆயுதமும் வேண்டாம், பேச வையுங்கள் என்று பேர்ண் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதம்.

"நானும் பேர் போட்டிட்டன்," என்று இவர் பெருமையோடு வந்து சொன்னார். எனக்கு ஆச்சரியம். நான் போடவில்லை, அடுப்பில் கறி இருக்கிறது என்று நழுவிவிட்டேன்.

தவக்கால ஞாயிறொன்றில் திருப்பலி முடிந்ததும் பெயாட்ரிஸ் பீடத்தடியில் நின்று பெயர்களை வாசித்தாள். பெயருக்குரியவர் எழுந்து "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எழுந்தவர்களின் பெயரோடுதான் கடிதம் போகும். நல்ல மனதோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் அந்தப் படையும் இப்படித்தான் பெயர் வாசித்தது. இவருடைய தம்பி சூசைதாசன், பத்தொன்பது வயது, "ஓம்" என்று எழுந்தான். கொண்டுபோனார்கள். பிறகு அவன் வரவேயில்லை. இவர் பெயாட்ரிஸிடம் சொல்லாத கதை இது ஒன்றுதான்.

"சூசைதாசன்," என்று பெயாட்ரிஸ் வாசித்தாள்.

திடுக்கிட்டு இவரைப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது.

"செத்தவனை ஆர் பிடிக்கப்போறான் எண்டு தம்பின்ரை பேரை எழுதிப்போட்டன், அன்னம்," என்றார். வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"விசரே உங்களுக்கு? பேசாமல் இருங்கோ!" சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருந்துவிட்டார்.

அவள் மூன்று தரம் வாசித்தாள். பிறகு பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டினாள்.

அந்த இழுவையை நினைத்தால் இன்றைக்கும் என் கையை எனக்கே பிடிக்கவில்லை. எழும்பியிருந்தால் என்ன, நாலு பேர் சிரித்திருப்பார்கள். மனுசன் உண்மையைச் சொல்லித் தன் பெயரை எழுதியிருப்பார். தம்பியைக் கொண்டுபோய் முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு ஒருமுறை எழும்பப் பார்த்தார், அதையும் நான் கெடுத்தேன்.

மறுநாள் வேலையில் பெயாட்ரிஸ் பிரெஞ்சில் கேட்டிருக்கிறாள், "உங்கள் பெயர் இல்லை, பரவாயில்லை. எழுதிவிட்டு வராத அந்தத் தமிழரைத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள். பயம் எனக்கும் தெரியும். அடுத்தமுறை என் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லுங்கள்."

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கதிரையில் இருந்து அழுதார். கடிதம் அன்று காலையே பேர்ணுக்குப் போய்விட்டது.

"பக்கத்திலை இடம் வைக்கிறாளாம், அன்னம். நான் ஆருக்குப் போய்ச் சொல்லுறது?"