விமான அட்டைக்கு ஒரு கொசுறு

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. என் அக்காவின் கணவர் சென்னையில், விமானப் பழுதுபார்ப்புப் பட்டறைகள் சேர்ந்து நடத்திய சங்கத்தில் வேலை பார்த்தார். எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவான அட்டைகளை அச்சிடச் சங்கம் சிவகாசியில் ஆர்டர் கொடுத்திருந்தது. அதை வாங்கிவர அத்தான் கிளம்பினார். மதுரையில் ஆசிரியராக இருந்த நானும் ஒட்டிக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு மதுரையில் பஸ். விருதுநகரில் மாறி, கரிசல் காட்டுக்கு நடுவே பதினாறு மைல். (அன்றைய கட்டணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.) ஒன்பதரைக்குச் சிவகாசி.

அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள்கள் கிளியும் புலியுமாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவே எங்கள் மஞ்சள் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை, ஒரு வரிசை எண், ‘சோதித்தாயிற்று, பறக்கத் தகுதியானது’ என்று பொருள்படும் ஆங்கில வரி. சரிபார்த்த பாகத்தில் இந்த அட்டை தொங்கினால்தான் மெக்கானிக் அதை விமானத்தில் மாட்டுவார்.

அச்சக முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி இன்னொரு கட்டு அட்டைகளையும் நீட்டினார். “இது கொசுறு. நம்பர் போடல, நீங்களே எழுதிக்கிடுங்க.”

அத்தானின் முகம் மாறியது. “அண்ணாச்சி, நம்பர் இல்லாத அட்டையை எவனாவது விரிசல் விட்ட பாகத்துல கட்டிட்டா, விமானமே விழுந்துடும். ஒண்ணு வெளியே போயிருந்தாலும் மொத்த ஆர்டரையும் சங்கம் வேண்டாம்னு தள்ளிடும்.”

தேர்வறையில் மீதியாகும் வெற்று விடைத்தாளை ஒருவரும் வெளியே எடுத்துப்போக விடமாட்டோமல்லவா, அப்படித்தான் இதுவும்.

அண்ணாச்சிக்கு அது முதல் சென்னை ஆர்டர். கொசுறுக் கட்டைப் பிரித்து எண்ணினார், நூறில் பன்னிரண்டு குறைந்தது. “பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர் விலாச அட்டை இல்லைன்னாரு. இதுல எடுத்துக் குடுத்தேன். லோடு காலையிலதான் விருதுநகர் போச்சு.”

வாடகைக் காரில் மூவரும் விருதுநகருக்குப் பறந்தோம். ரயில்வே சரக்குக் கொட்டகையில், ராக்கெட் பெட்டிகள்மேல் எங்கள் அட்டைகள்.

“ராக்கெட்டுக்குப் பறக்கத் தகுதின்னு எழுதியிருக்கீக. பொருத்தமாத்தான இருக்கு, ஏன் அவுக்கீக?” என்றார், அந்த ஆங்கில வரிக்கு என்னிடம் அர்த்தம் கேட்டுக்கொண்ட லோடு ஏற்றுபவர்.

அத்தான் சிரிக்கவில்லை. பெட்டி பெட்டியாகப் புரட்டி அவிழ்த்தார். விலாசத்தை வேறு காகிதத்தில் எழுதி ஒட்டினார். எங்கோ முகம் தெரியாத பயணிகளுக்காக ஒரு மனிதர் புழுதியில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து, நானும் அடுத்த பெட்டியை அவிழ்க்கக் குனிந்தேன். பதினொன்று கிடைத்தது.

பன்னிரண்டாவதை அண்ணாச்சி தேடவேயில்லை. “அது எங்க இருக்குன்னு தெரியும், வாங்க” என்றார்.

அச்சகத்தில், மிஷினுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்தில் அது செருகியிருந்தது, குங்குமப் பொட்டோடு. எந்த வேலையிலும் முதல் அச்சு சாமிக்கு என்பது அவர் வழக்கம். படத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவரே எடுத்தார். பட்டாசு ஊரில் கண்ட இடத்தில் எரிக்க முடியுமா? கொசுறு மொத்தத்தையும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் கூழாகப் பிசைந்தார்.

“சாமிக்குன்னு ஒரு நம்பர் ஒதுக்க உங்க சங்கத்துல வழியிருக்கா?”

“எழுதிக் கேக்குறேன் அண்ணாச்சி,” என்று அத்தான் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

சிவகாசி போகிறவர்களுக்கு: தீபாவளி சீசனைத் தவிருங்கள், அப்போது யாருக்கும் பேச நேரமிராது. பையில் தீப்பெட்டி வேண்டாம். அச்சகத்தில் அன்பாகக் கொசுறு கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் விமானச் சங்கத்துக்காரராக இல்லாதவரை.