தேரைக்குக் காவல்

மாடு மேய்த்தவர்கள், வாத்து மேய்த்தவர்கள் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் நான் தேரை மேய்த்தேன். முதலாளியின் செருப்புச் சத்தத்துக்கே எழுந்து நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

வேலையில் சேர்ந்தது

சயாமில் தண்டவாளம் போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம்; போனவர்கள் திரும்பவில்லை. தப்பிக்க நினைத்து, ஒரு ஜப்பானிய அதிகாரி வீட்டில் தோட்டக்காரனாக நுழைந்தேன். அவர் பகாங் பக்கம், மேகம் தரையிலேயே படுத்துக் கிடக்கும் மலைக்காட்டிலிருந்து ஒரு தேரையைக் கொண்டுவந்திருந்தார். கட்டைவிரல் அளவுதான், குச்சிக் கால். அதைப் போல இன்னொன்று கிடைப்பது அரிதாம். அது இருந்த பானையை என் கையில் கொடுத்து, அரைகுறை மலாய் மொழியில் சொன்னார்: "இது செத்தால், நீ சயாம்."

ஐஸ் வராத நாள்

குளிரில் பிறந்த ஜீவன் மலாக்கா வெயிலைத் தாங்குமா? பானைக்கு ஈரச்சாக்கு சுற்றி, பக்கத்தில் ஐஸ் வைப்பேன். ஒருநாள் ஐஸ் வரவில்லை. தேரை வாயைத் திறந்து கிடந்தது. பானையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டு, சாயங்காலம்வரை கயிற்றை விடாமல் பிடித்திருந்தேன். மலாய் பேசும் தமிழ்வழியினர் வாழும் கம்போங் செட்டியிலிருந்து சமைக்க வரும் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டாள்: "கட்டின பெண்டாட்டியை இப்படி ஒருநாள் தாங்கியிருப்பாயா?"

மஞ்சள் தண்ணீர்

என் மனைவி பாக்கியம் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டு, கைப்பிள்ளையோடு வந்தாள். பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தான். வீட்டில் சோறில்லாததுதான் காரணம் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தேரை பட்ட பிள்ளை தேய்ந்துபோகும் என்ற பயம் நம் பெண்களை விடுமா? நான் புல் வெட்டப் போன நேரத்தில், தோஷம் கழிக்கிறேன் என்று பானைக்குள் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

ஓடிவந்து பார்த்தால் தேரை மஞ்சளாக, அசையாமல் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றுவதற்குள் வாசலில் அதிகாரியின் மோட்டார் வந்து நின்றது. இடுப்பை வளைத்துக் குனிந்தேன், ஜப்பான்காரன் முன் நிமிர அனுமதியில்லை. பானைப் பக்கம் அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. "என்னங்க, சயாமா?" என்று பாக்கியம் முனகினாள்.

அவர் நகத்தால் தொட்டிருப்பார் போல. தேரை தத்தி என் கால்மேல் விழுந்தது. "மஞ்சள் எதற்கு?" என்று கேட்டார். பாக்கியம்தான் முந்திக்கொண்டு, தெரிந்த மலாயில் ஐயா போட்டு, "மருந்து, துவான்" என்றாள். அவர் தேரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்: "நல்ல மருந்து. தினமும் போடு."

அவர் மாற்றலாகிப் போகும்வரை, அவர் பார்க்கும்படி பானை விளிம்பில் மஞ்சள் பூசுவதும், பார்க்காதபோது மஞ்சளால் தேரை செத்துவிடாமல் அதைக் கழுவி விடுவதும்தான் என்னைச் சயாமுக்குப் போகவிடாமல் வைத்திருந்த உத்தியோகம்.